அந்தக் கார் நீலம் அல்ல

அர்த்தநாரி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு செயற்கைப் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் என் பட்டறை இருக்கிறது. கீழே மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், மேலே நான் பல் செய்து கொடுப்பேன். திருச்செங்கோட்டிலிருந்து அவர் மனைவி சரசு அக்கா அழைத்தார். “அம்மிணி, உங்கண்ணன் எந்திரிக்கவே இல்ல. காப்பி ஆறுதேன்னு எழுப்பப் போனேன்,” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி மீதியைச் சொன்னார்.

பேருந்தில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு இவர் பாட்டுக்குப் படுத்துக்கொண்டாரே என்ற கோபம். அது இன்னும் தீரவில்லை. இந்த அஞ்சலியை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மாலையும் கண்ணீருமாக ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

போர்வெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் அவர் வீடு. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் கிடந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். உயிரோடிருந்தால் காலர் மடிப்பு சரியில்லை என்று கத்தியிருப்பார். வலது கட்டைவிரல் நகத்தோரத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம். தின்னர் வைத்துத் துடைக்கலாமா என்று சரசு அக்கா என்னிடம் கேட்டார். வேண்டாம் அக்கா, இருக்கட்டும் என்றேன். அது கத்திரிப்பூ நிறம்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த நிறத்தின் கதை தெரியும். ஆனால் சேலம், நாமக்கல், ஈரோடு என்று சிதறிக் கிடக்கும் நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய பந்தயக் கார்களின் சிறு மாதிரிகளைச் செய்வது நம் வேலை. வேலை என்றால் சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் கிடைக்கும். விளம்பர ஒட்டுப்படங்கள் காரை மூடுவதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பந்தய நிறம் இருந்தது. இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நம்மில் பலர் தூரிகையை எடுத்துவிடுவோம். அர்த்தநாரி அண்ணன் விடமாட்டார். பச்சை என்றால் எந்தப் பச்சை, எந்த வருடத்துப் பச்சை, எந்த ஊர்ப் பட்டறையில் அடித்த பச்சை என்று கேட்பார். “வெத்தலையிலயே கொழுந்துக்கு ஒரு பச்சை, முத்துனதுக்கு ஒரு பச்சை. காருக்கு மட்டும் ஒரே பச்சையா?” என்பது அவர் கேள்வி.

குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகளில் காலமெல்லாம் ஷேடு பார்த்தவர். வேதியியல் பட்டதாரி. அடக்கமானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். தன் கண்ணைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்தவர்கள் அலமாரியைப் பார்த்து, பொம்மைங்களா என்று கேட்டால், “ஆமாங்க, பெரியவங்க பொம்மை. தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்,” என்று சிரிக்காமல் சொல்வார்.

எனக்கு அவர் அறிமுகமானதே சண்டையில்தான். கீழே மருத்துவமனையில் முன்பல் கட்டிக்கொண்டவர், நிறம் சேரவில்லை என்று நேராக என் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு துண்டு காடாத் துணியை எடுத்து நீட்டினார். வெளுக்காத, சாயம் ஏறாத அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தால் கண்ணில் தங்கியிருக்கும் நிறங்கள் எல்லாம் போய்விடும், அதன் பிறகுதான் எந்த நிறத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் கண்ணைக் கழுவுவது என்று பெயர் வைத்திருந்தார். நானும் கழுவிக்கொண்டு பார்த்தேன். அவர் சொன்னது உண்மை, பக்கத்துப் பல் வெளுத்துத்தான் தெரிந்தது. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். நாற்காலியில் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் அவருடைய சொந்தப் பல் காய்ந்து வெளுத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், என் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை அன்றைக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து கண்ணாடியைக் கொடுத்தேன். இரண்டு பல்லும் ஒன்றுபோல இருந்தன.

நெற்றியில் அடித்துக்கொண்டார். “நூலு நனைஞ்சா நெறம் கூடும்னு தெனமும் பாக்கறவன் நான். பல்லு காஞ்சா கொறையும்னு தோணலை பாருங்க,” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்து அலமாரியைக் காட்டினார். அன்று பிடித்த பைத்தியம்தான் எனக்கு.

அதன் பிறகு எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பெரியது ஒரு சொட்டு வெள்ளையைப் பற்றியது. உண்மைக் காரின் நிறத்தை அப்படியே எடுத்துக் கையகலக் காரில் அடித்தால் அது கறுத்துத் தெரியும். அதனால் ஒரு சொட்டு வெள்ளை கலக்க வேண்டும் என்பது என் கட்சி. அசல் நிறத்தில் கை வைப்பது பொய் என்பது அவர் கட்சி. குழுவில் எல்லோர் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். சில மாதம் கழித்து அவர் வீட்டில் அவர் கலந்துகொண்டிருந்த பச்சைக்குப் பக்கத்தில் வெள்ளைப் புட்டியின் மூடி திறந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். என்னங்கண்ணா இது என்று கேட்டேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. “இது பொய்யில்ல அம்மிணி, தூரம். பெரிய காரைத் தள்ளி நின்னு பாக்கறோமில்ல, அந்தத் தூரத்தைக் கலக்கறேன்,” என்றார். தோற்றால்கூடத் தானே கண்டுபிடித்ததுபோல் தோற்பார்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர், வெகு காலத்துக்கு முன்பு, ஒரு பழைய காரைப் பிரித்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காராகக் கட்டினார். சென்னைக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் அன்று நடந்த பந்தயங்களில் அதை ஓட்டவும் செய்தார். ஜெயித்ததாகத் தகவல் இல்லை. அவர் இறந்த பிறகு காரின் அடிச்சட்டமும் எஞ்சினும் சென்னையில் ஒரு பெரிய மனிதரின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சினை மூடும் முன்மூடி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. தோட்டக்காரரின் மகன் சென்னியப்பன் அதைக் கிணற்று மோட்டாருக்குக் கூரையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். மழை வெயில் எல்லாம் பட்டு, பெயிண்டோடு, பந்தய எண் எழுதிய வட்டத் தகடோடு அது அங்கே கிடந்தது.

இதைக் கேள்விப்பட்டதும் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தாலிக்காரனுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும் நிறம் தேடித் தேடி அடிக்கிறோம், காவிரிக் கரையில் கட்டிய காருக்கு யார் அடிப்பது என்றார். ஞாயிறுதோறும் பரமத்தி வேலூருக்குப் பேருந்து ஏறினார். பல தடவை நானும் போனேன். காலை வெளிச்சத்தில், மேகம் மூடிய வெளிச்சத்தில், டார்ச் வெளிச்சத்தில் என்று அந்த முன்மூடியைப் பார்த்துப் பார்த்துக் கலந்தார். சாம்பல் படர்ந்த ஒரு நீலம். அவர் கலந்த பெயிண்டை ஒரு தகட்டில் பூசி முன்மூடியின் மேல் வைத்தால் தகட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த நீலத்தில் சிறு காரைச் செய்து சென்னைக் கண்காட்சியில் வைத்தார். பெரிய மனிதர் பார்த்து அசந்துபோனார். நிற மாதிரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், தன்னிடமிருந்த அடிச்சட்டத்துக்குப் புதிதாக உடல் கட்டி, அசல் காரையே அந்த நீலத்தில் அடித்துவிட்டார். பத்திரிகைகளில் படம் வந்தது. அண்ணன் அந்த வருடம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஒரு நாள் சென்னியப்பன் போன் செய்தார். “காத்துல அந்த நெம்பர் தகடு கழண்டு உழுந்துருச்சுங்கண்ணா. அடியில வேற கலரு தெரியுதுங்க,” என்றார். இருவரும் போனோம். தகடு மூடியிருந்த இடம் வட்டமாக, புதுசாக, பளபளவென்று இருந்தது. கத்திரிப்பூ நிறம். சந்தேகத்துக்கே இடமில்லாத கத்திரிப்பூ.

அண்ணன் காடாத் துணியை எடுத்துப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். நான் பொறந்ததுல இருந்து அது நீலந்தானுங்களே என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கத்திரிப்பூ நிறத்திலிருந்த சிவப்பை வெயில் தின்று நீலத்தை மட்டும் மிச்சம் வைத்த பிறகுதான் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அண்ணன் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து, வட்டத்தை ஒட்டி வெளியே நீலமாகத் தெரிந்த ஓரத்தில் மெதுவாகத் தேய்த்தார். வெங்காயத்தை நறுக்கினால் தெரிவதுபோல வளையம் வளையமாகத் தெரிந்தது. மேலே வெளுத்துப்போன நீலம், அதே பூச்சின் உள்ளே கத்திரிப்பூ, அதன் கீழே செம்மண் நிற பிரைமர், அதன் கீழே வெறும் தகரம். இடையில் வேறு எந்தப் பூச்சும் இல்லை. அடித்தது ஒரே ஒரு நிறம்தான்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். “அம்மிணி, நான் காரை மேட்ச் பண்ணலை. வெயிலை மேட்ச் பண்ணியிருக்கேன்,” என்றார்.

நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. குத்துமதிப்பாக அடிக்கிறவனுக்கு இந்தத் தப்பு வராது. அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவருக்குத்தான் வந்தது. சென்னியப்பன் வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தார்கள். அண்ணன் சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போனதும் புகழ் வாங்கிய அந்தச் சிறு காரைக் கரைசலில் முக்கி, நீலத்தை உரித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

பெரிய மனிதரிடம் உடனே போனில் சொன்னார். அவர் நன்றி சொன்னார், பிறகு சிரித்தார், பிறகு கார் அடித்தாயிற்று, படம் வந்தாயிற்று, போகட்டும் விடுங்கள் என்றார். அவர் கெட்டவர் அல்ல. பழைய கார்கள் மேல் உண்மையான ஆசை உள்ளவர். ஆனால் தன் கொட்டகையில் நிற்கும் கார் தப்பு என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அண்ணன் விடவில்லை. நம் கூட்டத்துக்குள்ளேயே சிலர், ஊருக்கே பெருமை சேர்த்த நீலத்தை எதற்கு நோண்ட வேண்டும் என்றார்கள். பந்தயக் காருக்கு எவனாவது கத்திரிப்பூ நிறம் அடிப்பானா, சிரிக்க மாட்டார்களா என்றார்கள். தோட்டக்காரர் ஏன் அந்த நிறத்தை எடுத்தார் என்று கேட்டவர்களுக்கு அண்ணன் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். “ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்குக் காரணம் கட்டறது என் வேலையில்ல. என்ன நெறம்னு தெரியும், அதைச் சொல்றேன்.”

சென்னையில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு நானும் அவரோடு போனேன். மேடையில் நீலக் காரின் பெரிய படம் வைத்திருந்தார்கள். அண்ணனைக் கௌரவிக்கப் பெயர் சொல்லி அழைத்தார்கள். சால்வையை வாங்கி நாற்காலி மேல் வைத்துவிட்டு ஒலிவாங்கி முன் நின்றார்.

“இந்த நீலத்துக்கு அப்பன் நாந்தானுங்க. பெத்தவனே சொல்றேன், இது தப்பு. மாத்திருங்க,” என்றார்.

பெரிய மனிதர் மரியாதையாகவே எழுந்து, தகட்டின் அடியில் இருந்தது பழைய அடிப்பூச்சாக இருக்கலாமே என்றார். அண்ணன் வளையங்களின் படத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொரு பூச்சாக விளக்கினார். கேட்டார்கள். தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நீலப் படத்தை யாரும் இறக்கவில்லை. திரும்பி வந்து சேலத்தில் இறங்கும்போது, அவங்க ஒத்துக்கலைன்னா நெறம் மாறிடுமா என்றார். அந்தக் குரலில் கொஞ்சம்கூடச் சோர்வு இல்லை. சண்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பியவரின் குரல் அது. நானும் நம்பினேன்.

கத்திரிப்பூ நிறக் காரை அவர் முடித்துவிட்டார். முடித்த சில நாளில்தான் போனார்.

காரியம் முடிந்த அன்று பெரிய மனிதரே திருச்செங்கோட்டுக்கு வந்தார். மாலை போட்டார், படத்தின் முன் கண்ணை மூடி நின்றார். பிறகு சரசு அக்காவிடம் பேசினார். வரப்போகும் கண்காட்சியில் அண்ணன் நினைவாகத் தனி மேடை போடுகிறார்களாம். கடைசிக் காரை அதில் வைக்க வேண்டுமாம். நிறத்தை மாற்றக்கூட வேண்டாம், அப்படியே வைக்கலாம், பக்கத்தில் ஒரு சின்ன அட்டை மட்டும் இருக்கும் என்றார். அட்டையில் என்ன எழுதுவீர்கள் என்று நான் கேட்டேன். ‘நிறம்: கலைஞரின் கற்பனை’ என்று எழுதலாம், அதுவும் ஒரு மரியாதைதானே என்றார்.

எனக்குத் தலைக்குள் சுர்ரென்றது. ஆனால் வீடு என்னுடையது அல்ல, கணவர் என்னுடையவர் அல்ல. சரசு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆசை இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். இத்தனை வயசுல பொம்மை வெச்சு ஆடறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்ததை எல்லாம் காலம் முழுக்கக் கேட்டவர் அவர். இப்போது மேடை, விளக்கு, கணவரின் பெயர். என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டு, நாலு பேரு பாக்கட்டுமே அம்மிணி, ஒரு துண்டு அட்டைதானே என்றார்.

நான் வாதாடவில்லை. அவர் அந்த நிறத்தைக் கற்பனையாகச் செய்தாரா அக்கா, நீங்கள்தானே பக்கத்திலிருந்து பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அக்கா அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“அவருக்குக் கற்பனை பண்ணத் தெரியாதுங்க,” என்றார் சரசு அக்கா. “தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு பொய்யாவது ஒழுங்காச் சொல்லியிருப்பாரு. இருந்ததைத்தான் அடிச்சாரு. காரு இங்கயே இருக்கட்டுங்க. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க.”

பெரிய மனிதர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பாயசம் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சண்டை என்றாலும் இலை போடாமல் அனுப்புவதில்லை. அவர் கார் கிளம்பிப் போனதும் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். செய்தி வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கும் அப்போதுதான் வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

அவரை அறிந்த நண்பர்களே, எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பீர்கள். அவர் கண் எனக்கு வராது, அது அவரோடு போயிற்று. அவர் கலந்த கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புட்டி இருக்கிறது. சரசு அக்கா கொடுத்தார். என் பட்டறையில், பற்களுக்கு நடுவே, அதே காரை நான் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். சக்கரங்கள் ஆகிவிட்டன, உடலுக்கு பிரைமர் அடித்தாயிற்று. வாயாடித்தனமும் பிடிவாதமும் அவரிடமிருந்து வந்தவை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். முன்பே இருந்தவை, அவர் வந்து தண்ணீர் ஊற்றினார் என்பதுதான் சரி.

சென்னைக் கண்காட்சிக்கு என் பெயரிலேயே அந்தக் காரைப் பதிந்துவிட்டேன். கற்பனை என்று பக்கத்தில் அட்டை வைத்தால் எல்லோர் முன்னாலும் எடுத்துக் கிழிப்பேன், இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். வரக்கூடியவர்கள் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். பதிவுப் படிவத்தில் நிறம் என்ன என்று கேட்டிருந்தார்கள், கத்திரிப்பூ என்று எழுதினேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள்.

‘அர்த்தநாரி பார்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.